ஏறும் முன் இறங்கப் பழகுங்கள்
நண்பர்களுடன் புக்கிட் தீமா குன்றுக்குச் செல்ல விரும்பும் மூத்தோருக்கு

பத்துமலைக்குப் போய் 272 படிகளையும் ஏறி இறங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். அன்று மாலை பெரிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்தபோதுதான் தொடைகள் இரண்டும் கல்லாக இறுகியிருந்திருக்கும். நாற்காலியில் உட்காரும்போது "அம்மா" என்று சொல்லியிருப்பீர்கள். அதற்கடுத்த நாள் வலி இன்னும் கூடியிருக்கும்.

"அத்தனை படி ஏறினேன், வலிக்காமல் என்ன செய்யும்?" என்று பலர் சொல்வார்கள். அந்த வலிக்குப் பெரும்பாலும் காரணம் ஏறியது அல்ல, இறங்கியதுதான்.

ஏறும்போது உங்கள் தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. மூச்சு வாங்கும், இதயம் வேகமாகத் துடிக்கும். களைப்பு உடனே தெரிவதால் நீங்களாகவே நின்றுவிடுவீர்கள். இறங்கும்போது அப்படியல்ல. அதே தசை, உடல் எடையைத் தாங்கியபடியே நீள வேண்டியிருக்கிறது. சரிவில் இறங்கும் பேருந்துக்குப் பிரேக் எப்படியோ, அப்படித்தான் தொடையின் முன்தசை உங்களுக்கு. இந்த வேலையில் தசை இழைகளில் மிக நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. ஆனால் மூச்சு வாங்காது. அதனால் எல்லாம் சுலபமாக இருப்பதுபோல் தோன்றும். கால்கள் மெல்ல நடுங்கத் தொடங்கும்வரை களைப்பே தெரியாது.

மூத்தோர் கவனிக்க வேண்டியது இதைத்தான். உச்சியை அடைந்து, படம் எடுத்து, சிரித்துப் பேசி முடித்த பிறகுதான் பிரேக் தேய்ந்துபோன கால்களுடன் ஈரமான படிகளில் இறங்கப் போகிறோம். அங்கே ஒரு கால் வழுக்கினால் கணுக்கால் சுளுக்கோடு போகலாம், இடுப்பெலும்பு முறியவும் கூடும். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால், சந்தைக்குத் தனியாகப் போய்வந்த ஒருவர் அதன்பின் துணையில்லாமல் நடமாட முடியாமல் போகலாம்.

நல்ல செய்தியும் உண்டு. இறங்கும் வேலைக்குத் தசை மிக விரைவாகப் பழகிக்கொள்கிறது. ஒருமுறை அளவோடு இறங்கிப் பழகிய தசைக்கு, அடுத்தமுறை அதே வேலையில் வலியும் சேதமும் வெகுவாகக் குறைகின்றன. இந்தப் பாதுகாப்பு சில வாரங்கள்வரை நீடிக்கும். பழகுவதற்குத் தேவையான இடம் உங்கள் புளோக்கிலேயே இருக்கிறது. அது மின்தூக்கிக்குப் பக்கத்தில் யாரும் பயன்படுத்தாத மாடிப்படி.

முதலில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், காரணமில்லாத மூச்சுத்திணறல், தலைசுற்றல், மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் உங்களுக்கு இருந்தால் பயிற்சியைத் தொடங்காதீர்கள். முதலில் உங்கள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ பாருங்கள். சென்ற ஆண்டில் ஒருமுறையாவது கீழே விழுந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். விழுந்ததைச் சொல்ல நம்மில் பலருக்குக் கூச்சம். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் வெளியே விடமாட்டார்கள் என்ற பயமும் உண்டு. மருத்துவரிடம் அதை மறைக்க வேண்டாம்.

மருந்துகளைப் பற்றியும் கேளுங்கள். இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவர்களுக்கு வெயிலில் உடலின் நீர்ச்சத்து விரைவில் குறையலாம். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இதயத்துடிப்பு அவ்வளவாக உயராது. எனவே நாடி பார்த்தோ கைக்கடிகாரத்தைப் பார்த்தோ உழைப்பை அளக்க வேண்டாம். அவர்களுக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் எளிய அளவுகோல் பேச்சுதான். நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. பேச்சு இரண்டு இரண்டு சொல்லாக அறுந்தால் வேகம் அதிகம் என்று பொருள்.

நாற்காலியில் ஒரு சோதனை

கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுவதுமாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். 65 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 11 முறைக்கும், ஆண்களுக்கு 12 முறைக்கும் குறைந்தால் கால் வலிமை சராசரிக்குக் கீழே என்று கொள்ளலாம். 70 முதல் 74 வயதில் பெண்களுக்கு அந்த எல்லை 10, ஆண்களுக்கு 12.

எண்ணிக்கை குறைந்தால் மனம் தளர வேண்டாம். குன்றுக்குப் போகும் தேதியைச் சற்றுத் தள்ளிவைத்து, இதே எழுந்து உட்காரும் பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் பத்துப் பத்தாக இரண்டு முறை செய்யுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெல்ல உட்காருங்கள். மெல்ல உட்காருவதும் இறங்கும் பயிற்சிதான்.

உங்கள் புளோக்கில் எட்டு வாரம்

புக்கிட் தீமா குன்றின் உயரம் ஏறத்தாழ 163 மீட்டர். சிங்கப்பூரின் மிக உயர்ந்த இயற்கை இடம் அதுவே. இந்த உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்தது. நாம் நடக்கத் தொடங்கும் வருகையாளர் நிலையமே சற்று மேட்டில்தான் இருக்கிறது. நாம் ஏறுவது 100 மீட்டர் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீவக புளோக்கில் ஒரு மாடி ஏறத்தாழ 2.8 மீட்டர். அப்படியானால் கணக்கு 35 மாடி. பயப்பட வேண்டாம், இந்த 35 மாடியையும் ஒரே மூச்சில் ஏறிப் பழக வேண்டியதில்லை.

முதல் இரண்டு வாரம் சமதளத்தில் நடங்கள். வாரத்தில் நான்கைந்து நாள், ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம் போதும். அதோடு மூன்று மாடி ஏறி, மின்தூக்கியில் இறங்குங்கள். இப்போதைக்குப் படியில் இறங்க வேண்டாம்.

மூன்றாம் வாரத்தில் இதைத் திருப்பிச் செய்யத் தொடங்கலாம். மின்தூக்கியில் மூன்றாம் மாடிக்குப் போய், படியில் இறங்கி வாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். இறங்குவது இதயத்துக்கு அதிகச் சுமை தராமல் தொடைக்கு வேலை தரும் பயிற்சி என்பது அவருக்குத் தெரியாது. ஒரு கை எப்போதும் கைப்பிடிக் கம்பியில் இருக்கட்டும். மறு கையில் சந்தைப் பையோ கைத்தொலைபேசியோ வேண்டாம். சிலிப்பர் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். விளக்கு எரியாத படிக்கட்டும், கழுவிவிட்ட ஈரப் படிக்கட்டும் அன்றைக்கு வேண்டாம். முழுப் பாதத்தையும் படியில் வைத்து, முழங்காலைச் சற்று மடக்கியபடி, சத்தம் வராமல் இறங்குங்கள். "தொப் தொப்" என்று சத்தம் கேட்டால் தசை செய்ய வேண்டிய வேலையை மூட்டு செய்கிறது என்று அர்த்தம்.

முதல்முறை இறங்கிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை கொஞ்சம் வலிக்கும். அது தசை பழகும் வலி. வலி தீர்ந்த பிறகு மறுபடி இறங்குங்கள். ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டு மாடியை மட்டும் கூட்டுங்கள். முழங்கால் வீங்கினாலோ, மூட்டுக்குள்ளே குத்தினாலோ, மறுநாளும் மூட்டுவலி குறையாவிட்டாலோ மாடிகளைப் பாதியாகக் குறைத்துவிட்டு மருத்துவரிடமோ உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடமோ காட்டுங்கள். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் நடக்கவே கூடாது என்பது பழைய நம்பிக்கை. தொடைத் தசை வலுத்தால் முழங்காலுக்கு அது நன்மையே. அளவை மட்டும் கூடவே ஒருவர் பார்த்துச் சொல்வது நல்லது.

சமநிலைப் பயிற்சியை இதற்கென்று தனி நேரம் ஒதுக்காமலே செய்யலாம். பல் துலக்கும்போது ஒரு கையால் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நில்லுங்கள், பிறகு மறு காலில். மூத்தோர் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலிமைக்கும் பயிற்சி செய்ய வேண்டும்.

ஐந்தாம் வாரம் வெளியே போகலாம். முதல் வெளிநடைக்குப் புக்கிட் தீமாவைவிடத் தெற்கு மலைத்தொடர் பாதை பொருத்தமானது என்பது எங்கள் கருத்து. தெலுக் பிளாங்கா குன்றில் மரங்களுக்கு இடையே உயரத்தில் அமைந்த வனநடைபாதையின் சரிவு மிக மென்மையானது, சக்கர நாற்காலிகூடப் போகலாம். அங்கிருந்து ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தைக் கடந்து ஃபேபர் குன்றுவரை நடந்து பாருங்கள். அந்தப் பாலம் சாலைக்கு 36 மீட்டர் மேலே இருக்கிறது. உயரம் கண்டு தலைசுற்றுபவர்கள் இதை இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது. ஃபேபர் குன்றிலிருந்து ஹார்பர்ஃபிரண்ட் பக்கம் இறங்கும் மராங் பாதையில் படிகள் அதிகம். மாடிப்படிப் பயிற்சி எந்த அளவு பலித்திருக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும்.

ஆறாம், ஏழாம் வாரங்களில் புளோக்கில் பத்து மாடியை இடையிடையே நின்று ஏறுங்கள், ஆறேழு மாடி இறங்குங்கள். குன்றுக்குக் கொண்டுபோகப் போகும் முதுகுப்பையையே தண்ணீர்ப் போத்தலுடன் மாட்டிக்கொள்ளுங்கள். எட்டாம் வாரம் பயிற்சியைக் குறைத்துவிடுங்கள். களைத்த காலோடு குன்றுக்குப் போகக் கூடாது.

காட்டின் குளுமையை நம்பாதீர்கள்

நமக்குக் கோடை என்று தனிப் பருவம் இல்லை, ஆண்டு முழுவதும் வெப்பம்தான். ஆனாலும் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் புழுக்கம் கூடுதலாக இருப்பதை உணர்ந்திருப்பீர்கள். காட்டுக்குள் நிழல் இருக்கிறது, வெயில் முகத்தில் அடிக்காது. அதனால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். வியர்வை வெறுமனே சொட்டினால் உடல் குளிராது, அது ஆவியானால்தான் குளிரும். அடர்ந்த காட்டில் காற்று அசையாது, ஈரப்பதமும் அதிகம். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கும், உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும். வயது ஏற ஏற வியர்க்கும் திறனும் தாகம் எடுக்கும் உணர்வும் குறைகின்றன. தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

காப்பகம் காலை 7 மணிக்குத் திறக்கும். அப்போதே போய்விடுங்கள். முந்தைய நாளும் புறப்படும் முன்பும் மைஎன்வி செயலியில் வெப்ப உளைச்சல் நிலையைப் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அது குறைவு, மிதம், அதிகம் என்று மூன்று நிலைகளில் காட்டும். "அதிகம்" என்றால் அன்று கோப்பிக்கடையில் சந்தித்துப் பேசிவிட்டு வீடு திரும்புவதே நல்லது. வீட்டிலிருந்து புறப்படும் முன் ஒரு குவளை தண்ணீர் குடியுங்கள், வழியில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறு குடியுங்கள். இதயம், சிறுநீரகம் காரணமாகத் தண்ணீரை அளந்து குடிப்பவர்கள் மருத்துவர் சொன்ன அளவைக் கேட்டு நடக்க வேண்டும்.

விடியற்காலையிலோ காலையிலோ திடீரென்று வீசும் சுமத்ரா காற்றையும் மறக்காதீர்கள். இடி கேட்டால் உச்சி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். மழைக்குப் பின் மரவேர்கள் சோப்புத் தடவியதுபோல் வழுக்கும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிக்கிளாசைடு, கிளிப்பிசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் நடையின்போது இரத்தச் சர்க்கரை மிகக் குறைந்துவிடலாம். வெறும் வயிற்றில் போகாதீர்கள். புறப்படும் முன் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். கை நடுக்கம், திடீர் வியர்வை, பசி, எரிச்சல், தடுமாற்றம் ஆகியவை சர்க்கரை குறைவதன் அறிகுறிகள். குன்றேறும்போது எல்லாருக்கும்தான் வியர்க்கும், அதனால் இதை எளிதில் தவறவிட்டுவிடுவோம். சந்தேகம் வந்தாலே உட்கார்ந்து, 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி அளவு, உட்கொள்ளுங்கள். சட்டைப் பையில் இனிப்பு மிட்டாயோ குளுக்கோஸ் மாத்திரையோ இருக்கட்டும். முதுகுப்பையின் அடியில் வைத்தால் அவசரத்துக்குக் கைக்கு வராது. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, சரியான பிறகே எழுந்து நடங்கள். சர்க்கரை பல மணி நேரம் கழித்தும் குறையலாம் என்பதால் மாலையிலும் ஒருமுறை பாருங்கள்.

காலணிக்குள் கால்விரல் முன்னால் இடிக்காதபடி ஒரு விரல் அளவு இடம் இருக்க வேண்டும். இறங்கும்போது பாதம் முன்னே சறுக்கும், நகம் கறுத்துப்போகும். இரண்டு மூன்று நாளைக்கு முன்பே நகத்தை நேராக வெட்டிவிடுங்கள். நடை முடிந்ததும் காலுறையைக் கழற்றிப் பாதத்தை நன்றாகப் பாருங்கள், உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தாலும் வலிக்காது.

"எனக்கு ஒன்றும் இல்லை" என்பவரைக் கவனியுங்கள்

நண்பர்களோடு போவதுதான் பாதுகாப்பு. ஆனால் நண்பர்களோடு போவதாலேயே வரும் ஆபத்தும் ஒன்று உண்டு. யாருக்கும் பின்தங்கப் பிடிக்காது. "தேசிய சேவையில் இந்தக் குன்றை ஓடியே ஏறினேன்" என்று முன்னால் போகும் அண்ணன் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். பின்னால் வரும் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே, "நீங்க போங்க, நான் வர்றேன்" என்பார். மற்றவர்கள் நின்று காத்திருந்து, அவர் வந்து சேர்ந்த உடனே மறுபடி கிளம்பிவிடுவார்கள். ஆக, ஓய்வு அதிகம் தேவைப்படும் ஒருவருக்குத்தான் ஓய்வே கிடைப்பதில்லை.

ஆகவே மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். குழுவின் வேகம் அவருடைய வேகம். வேகமான அண்ணனைக் கடைசியில் வரச் சொல்லி, யாரும் தனக்குப் பின்னால் இல்லை என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுங்கள். மகிழ்ச்சியாகவே ஏற்றுக்கொள்வார். யாராவது "போதும்" என்று சொன்னால், காரணம் கேட்காமல் எல்லாரும் திரும்ப வேண்டும் என்று கிளம்புவதற்கு முன்பே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தமக்கு என்ன நோய், என்ன மருந்து, யாரை அழைக்க வேண்டும் என்பதை இன்னொருவரிடம் சொல்லிவைக்க வேண்டும்.

வெப்பத்தால் பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாமல் போகலாம். நன்றாகப் பேசிக்கொண்டு வந்தவர் திடீரென்று மௌனமானாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, கோபப்பட்டாலோ, தள்ளாடினாலோ, அவர் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொன்னாலும் நம்பாதீர்கள். உட்கார வைத்து, 995 எண்ணை அழையுங்கள். உடையைத் தளர்த்தி, கையிலுள்ள தண்ணீரை எல்லாம் அவர் உடலில் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்குக் குடிக்கக் கொடுக்கக் கூடாது. நெஞ்சு இறுக்கம் என்றாலும் உடனே 995தான். "கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நடக்க வைக்காதீர்கள்.

குன்றில் அந்த நாள்

டௌன்டவுன் பாதையில் பியூட்டி வேர்ல்ட் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் ஹிண்ட்ஹீட் டிரைவ் வழியாக நடந்தே வருகையாளர் நிலையத்துக்குப் போய்விடலாம். முதல்முறை போகிறவர்கள் உச்சிவரை தார்ச் சாலையிலேயே போய், அதிலேயே திரும்புங்கள். காட்டுக்குள் கிளை பிரியும் பாறைப் பாதைகளை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்திலேயே சாலை செங்குத்தாக ஏறும், பலர் அங்கேயே திகைத்துப்போவார்கள். சிறு அடி எடுத்து வைத்து, பேசிக்கொண்டே ஏறுங்கள். குரங்குகள் வந்தால் பிளாஸ்டிக் பையைக் கையில் காட்டாதீர்கள், உணவு கொடுக்காதீர்கள். உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். பதறி ஓடி விழுவதுதான் குரங்கைவிட ஆபத்து.

உச்சியில் கால் மணி நேரமாவது உட்காருங்கள். இறங்கும்போது நடைக்கோல் இருந்தால் முதலில் கோலை ஊன்றி, பிறகு காலை வையுங்கள். செங்குத்தான இடத்தில் சாலையின் குறுக்கே வளைந்து வளைந்து இறங்கலாம். தொடை நடுங்கினால் நில்லுங்கள். திரும்பிப் பார்த்துப் பேச வேண்டுமென்றாலும் நின்று பேசுங்கள்.

அடுத்த இரண்டு நாளில் தொடை வலித்தால் லேசாக நடந்தால் போதும். சிறுநீர் கோலா நிறத்தில் கறுத்துப்போனாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். பழகிய தசையின் பாதுகாப்பு சில வாரங்களில் கலைந்துவிடும். அதனால் கீழே வந்து தே தாரிக் குடிக்கும் மேசையிலேயே, இரண்டு மூன்று வாரத்துக்குள் அடுத்த நடைக்கு ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை குறைத்துக் கேளுங்கள்.